முப்பது ஆண்டுகளாகத் தற்காலிகம்

சேலத்தில் குகை என்னும் பகுதியில் ஒரு தெருவோரத்தில் பூ விற்கும் அக்காவிடம், இந்த இடத்தில் எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று 2023 ஆனி மாதத்தில் ஒரு நாள் கேட்டேன். மல்லிகைச் சரத்தை முழம் போட்டபடியே, "முப்பது வருசமா தற்காலிகமா உக்காந்திருக்கேன் கண்ணு" என்றார். கேலியாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பூக்கூடைக்கு அடியில் மடித்து வைத்திருந்த ரசீதுகளை எடுத்துக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கிற்று. நாள்தோறும் ஒருவர் வந்து பணம் வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுக்கும் அந்தச் சின்னத் தாளில் "தற்காலிகத் தரைக்கடை" என்று அச்சாகியிருந்தது. அவருடைய மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி, பேத்தியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ரசீதில் அந்தச் சொல் மட்டும் மாறவே இல்லை.

நான் சேலத்தில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள். எங்கள் தொழிலில் சில காலமாகத் தற்காலிகக் கட்டடக் கலை என்பது மதிப்புக்குரிய சொல்லாகிவிட்டது. தெருவையோ மைதானத்தையோ மேம்பாலத்தின் அடியையோ சில நாட்களுக்கு மட்டும் மாற்றி அமைத்து, வழக்கமாக அங்கே இடமில்லாதவர்களுக்கு இடம் உண்டாக்கிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவது என்று அதை விளக்கலாம். செலவு குறைவு, நன்றாக அமைந்தால் நிலைக்கச் செய்யலாம், தவறினால் பிரித்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அந்த ரசீதைப் பார்த்த பிறகு, நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே சொல் அக்காவின் தலையில் முப்பது ஆண்டுகளாகச் சுமையாக இருப்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலோடு அந்த ஆடியில் நாங்கள் போட்ட ஒரு பந்தலைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

தற்காலிகக் கட்டடம் என்றால் என்னவென்று சேலத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி ஊரிலுள்ள அம்மன் கோயில்களில் பூச்சாட்டு நடக்கும், கம்பம் நடுவார்கள், தெருவுக்குத் தெரு பந்தல் எழும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் இரவில் வண்டிகளின் மேல் மரச்சட்டமும் தெர்மாகோலும் வண்ண விளக்கும் சேர்ந்து கயிலாயமும் வைகுண்டமும் ஆகிவிடும். பகலில் கடையிலும் பட்டறையிலும் நிற்கும் பிள்ளைகள் அன்றிரவு சிவனாகவும் முருகனாகவும் அவற்றின் மேல் நிற்பார்கள். விடிந்தால் வண்டி மறுபடியும் வண்டிதான். இந்தப் பந்தல்களில் எதையும் ஆக்கிரமிப்பு என்று எவரும் சொல்வதில்லை. பாதிச் சாலையை அடைத்துக்கொண்டாலும் பேருந்து வேறு வழியில் போகும், நாமும் சுற்றிக்கொண்டு போவோம், முணுமுணுத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டே முணுமுணுப்போம். அதே தெருவில் அக்காவின் தலைக்கு மேல் நான்கு முழத் தார்ப்பாய் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. பக்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஊர் மனம் வைத்தால் ஒரு தெரு எவ்வளவு இளகிக் கொடுக்கும் என்பதற்கு ஆடியைவிடப் பெரிய சான்று கிடையாது என்றுதான் சொல்கிறேன்.

தற்காலிகம் என்ற சொல் அந்த ஆண்டில் ஊர் முழுவதும் புழங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து, சீர்மிகு நகரத் திட்டத்தில் ஈரடுக்காகக் கட்டி, 2023 ஜூன் மாதத்தில்தான் திறந்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் போஸ் மைதானம் தற்காலிகப் பேருந்து நிலையமாக இருந்தது. பயணிகள் எங்கே போனார்களோ அங்கே வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும் பூவும் விற்பவர்கள் போனார்கள். யாரும் வரைந்து கொடுக்காமலேயே அவர்களுக்கான வரிசை ஒன்று மைதானத்தின் ஓரத்தில் தானாக அமைந்தது. நிரந்தரக் கட்டடத்தில் அப்படி அமைவது கடினம். கட்டடத்தின் வரைபடத்தில் கடைகளுக்கு எண் இருக்கும். கூடைகளுக்கு எண் இருக்காது. இதை யாரையும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை, நான் வரைந்த வணிக வளாகங்களிலும் கூடைக்கு எண் கொடுத்ததில்லை.

பந்தல் போடுவது என்று முடிவானதும் அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். "தெருவோர வியாபாரிகளுக்கு நிழற்பந்தல், ஆடி மாதம் முழுவதும்" என்று எழுதிக் கொடுத்த மனு மூன்று மேசைகளைக் கடந்து, "இதை எந்தப் பிரிவுல சேக்கறதுன்னு தெரியலீங்க மேடம்" என்ற பதிலோடு திரும்பி வந்தது. அந்த அதிகாரி மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரிடம் அதற்கு ஒரு படிவம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில், ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில் சான்டியாகோ சிருகெதா என்ற கட்டடக் கலைஞர் 1997-இல் செய்த ஒரு வேலை நினைவுக்கு வந்தது. தெருவில் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைக்க அனுமதி வாங்குவது அங்கே எளிதன்று. ஆனால் கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதற்கான இரும்புத் தொட்டியைத் தெருவில் நிறுத்த அனுமதி வாங்குவது எளிது. அவர் தொட்டிக்கு அனுமதி வாங்கினார், தெருவில் நிறுத்தினார், அதையே விளையாட்டிடமாக மாற்றிவிட்டார். சேலத்தில் ஆடி மாதத்தில் எதற்கு எளிதாக அனுமதி கிடைக்கும் என்று எங்கள் பந்தல்கார அண்ணனைக் கேட்டேன். செவிலைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாத அவர் சற்றும் யோசிக்காமல், "கூழு ஊத்தறோம்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினோம், இரண்டே நாளில் கிடைத்தது. பொய்யும் சொல்லவில்லை. ஆடி வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண்களே கம்பும் கேழ்வரகும் சேர்த்துக் கூழ் காய்ச்சி, வருவோர் போவோருக்கெல்லாம் ஊற்றினார்கள். மற்ற நாட்களில் பந்தல் அவர்களுடையது. அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. நிழல் கொடுப்பது தருமம் என்றால் இங்கே எல்லாருக்கும் சட்டென்று புரிகிறது. நிழலை ஒருவர் உரிமையாகக் கேட்டால்தான் எந்தப் பிரிவு என்று தேட வேண்டியிருக்கிறது.

பந்தல்கார அண்ணன் என் தாய்மாமனிடம் தொழில் பழகியவர். தார்ச்சாலையில் கடப்பாரை போட முடியாது என்பதால், பழைய லாரி டயருக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லிக் கலவையைக் கொட்டி இறுகவைத்து, அந்தக் குழாய்க்குள் சவுக்குக் காலை இறக்கினார். சேலத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பழைய லாரி டயருக்கு வராது. கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு. அதை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார், ஊறாத கயிறு வளைக்கும்போது ஒடியும் என்றார். நைலான் கயிறு மூங்கிலில் வழுக்கும் என்பது அவருடைய தீர்ப்பு. இரண்டு கழிகள் குறுக்காகச் சேரும் இடத்தில் ஒரு பக்கமாக மூன்று சுற்று, மறுபக்கமாக மூன்று சுற்று, பிறகு இரண்டு கழிகளுக்கும் இடையே, இடுப்பில் துண்டைக் கட்டுவதுபோல், இரண்டு சுற்றுச் சுற்றி முழங்காலை முட்டுக் கொடுத்து இறுக்கி, நுனியைச் சுற்றுக்குள் செருகிவிடுவார். முடிச்சு என்று ஒன்று போடவே இல்லை. பிரிக்கும் நாளில் அந்த நுனியை உருவினால் போதும், கயிறு ஓர் இடத்திலும் அறுபடாமல் கையோடு வந்துவிடும். கழற்றுவதற்காகவே கட்டுவது என்பதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன்; அது இவ்வளவு சுருக்கமான கைவேலை என்று அன்றுதான் கண்டேன்.

கூரைக்குக் கீற்று வேய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வரிசையின் கடைசியில் பஜ்ஜி போடும் அடுப்பு எரிகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, ஆட்கள் கூடும் இடத்துக்கு மேலே கீற்று வேய்வதை யாரும் மனம் கூசாமல் பேச முடியாது. பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகப் போட்டோம். பழைய விளம்பரத் தட்டியின் பிளெக்ஸை விரிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது பூக்கார அக்கா உடனே தடுத்துவிட்டார். அதன் அடியில் பத்து ஆண்டு உட்கார்ந்து பார்த்தவர் அவர், பகல் முழுவதும் தோசைக்கல் மாதிரி அனல் இறங்கும் என்றார்.

இனி என் பிழையைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெரு தெற்கு வடக்காக ஓடுவது. வியாபாரப் பெண்கள் 11 பேரும் கிழக்கு ஓரத்தில், ஒரு மதிலுக்கு முதுகு காட்டி, மேற்குப் பார்த்து உட்காருபவர்கள். 48 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்று வரைந்தேன். வாங்க வருபவர்கள் தலை குனியாமல் நுழைய வேண்டும், தொலைவிலிருந்தே கடைகள் தெரிய வேண்டும் என்று மேற்குப் பக்கத்தை முழுவதும் திறந்து வைத்தேன். வெயில் தெற்கிலிருந்து வரும் என்று படித்தது மனத்தில் ஊறிப்போனதால், தெற்கு முனையில் மட்டும் 3 அடி கூடுதலாக நீட்டி மறைப்பும் கொடுத்தேன். முதல் நாள் மாலை மூன்றரை மணிக்குப் போய்ப் பார்த்தபோது பந்தலுக்குள் ஒரு பெண்கூட இல்லை. எல்லாரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, என்றும்போல, எதிர்ப் பக்கக் கட்டடத்தின் நிழலுக்குப் போய்விட்டார்கள். பந்தலுக்குள் இருசக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. நகரத்தில் நிழலும் காலி இடமும் ஒன்றாக இருந்தால் அது வண்டி நிறுத்துமிடம் என்பது எழுதாத விதி. நான் உழைத்து வரைந்த பந்தல் அன்றைக்குச் சில மோட்டார் சைக்கிள்களின் இருக்கையைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது.

"ஆடியில வெயிலு வடக்கால நின்னு மேக்கால சாயும். நீ தெக்கால மறைச்சு வெச்சிருக்கியே பாப்பா" என்றார் தட்டுவடை செட் போடும் அம்மா. அவர் சொன்னது அப்படியே வானியல். சேலம் நிலநடுக்கோட்டுக்குப் பதினொன்றரைப் பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆடி மாதம் முழுவதும் உச்சிச் சூரியன் அதைவிடவும் வடக்கே நிற்கிறது, ஆவணி முதல் வாரத்தில்தான் நம் தலைக்கு நேராக வந்து பிறகு தெற்கே இறங்குகிறது. மாலை நாலரை மணிக்கு அது மேற்கில் தாழ்ந்துவிட்டால், 9 அடி உயரத் திறப்பின் வழியாக 10 அடி அகலத்தையும் தாண்டி மதில்வரை வெயில் நுழையும். காகிதத்தில் நாலு கோடு போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். போடவில்லை. கேட்கவும் இல்லை என்பது அதைவிடப் பெரிய தவறு.

மறுநாள் காலையில் அவர்கள் சொல்லச் சொல்லப் பந்தல்கார அண்ணன் மாற்றினார். மேற்குப் பக்கம் முழுவதும் மூங்கில் சட்டத்தில் கோணிச் சாக்கைத் தைத்துத் தட்டியாக்கி, தரையிலிருந்து 4 அடிக்கு இறக்கினார்கள். கடைகளே தெரியாதே என்று நான் தயங்கினேன். நிற்கும் என் கண்ணுக்கு அது மறைப்பு. தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் இரண்டரை அடியில் இருக்கிறது, அவருக்குத் தெரு முழுவதும் தெரிந்தது. வாங்க வருபவர்களோ குனிந்து, குந்தி, கீரையைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் எப்போதும் வாங்கியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அந்தக் கோணியில் இரண்டு குடம் தண்ணீரைத் தெளித்தார்கள். பூக்கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போடும் வழக்கத்தைத்தான் அவர்கள் பந்தல் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். தட்டி இறங்கியதும் வண்டிகள் உள்ளே வர வழியில்லாமல் போனது, அதற்குத் தனியாகப் பலகை எதுவும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

நிழலைத் தவிர வேறென்ன வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். பதில் வர வெகுநேரம் ஆயிற்று. பந்தல்கார அண்ணன் டீ குடிக்கப் போன பிறகு, கீரை விற்கும் அக்கா தாழ்ந்த குரலில், காலையிலிருந்து மதியம்வரை தாங்கள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். போக இடமில்லை. அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதன் காவல்காரரிடம் பேசி, பின்புறக் கழிவறையின் சாவியை வாங்கி, பந்தலின் மூன்றாவது காலில் ஓர் ஆணியில் மாட்டினோம். அந்த மாதம் முழுவதும் அந்தப் பந்தலில் அதிகம் கைபட்ட பொருள் அந்தச் சாவிதான். எங்கள் துறையில் இத்தகைய பந்தல்களைப் படம்பிடிப்பவர்கள் கூரையின் வடிவத்தைப் படம்பிடிக்கிறார்கள். என்னிடமும் கூரையின் படம்தான் நிறைய இருக்கிறது. சாவியின் படம் ஒன்றுகூட இல்லை. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பந்தலின் தெற்கு முனையில், வெளியே, ஊசிமணியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் பெண் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு மாலை நேரங்களில் வந்து உட்காருவார். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அவர்கள் கேட்டுவந்தது அது. அவரையும் உள்ளே உட்காரச் சொல்லலாமே என்று நான் சொன்னபோது மூன்று பேர் ஒரே குரலில் மறுத்தார்கள். இடம் போதாது என்றார்கள், பிள்ளைகள் பூவை மிதிக்கும் என்றார்கள், நம்ம வாடிக்கை கெட்டுப்போகும் என்றார்கள். தங்களை அகற்ற வருபவர்கள் சொல்லும் அதே காரணங்கள் அவை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒடுக்கப்பட்டோர் என்று நாம் ஒரே சொல்லில் சுருட்டிவிடும் கூட்டத்துக்குள் எத்தனை படிக்கட்டுகள் இருக்கின்றன என்பதை வரைபடம் காட்டாது. கடைசியில், நான் தவறாக நீட்டியிருந்த அந்தத் தெற்கு 3 அடி அவருக்கு வாய்த்தது. பேருந்துக்கு நிற்பவர்களை அங்கிருந்தே பார்க்கலாம், இதுதான் தனக்கு வசதி என்று அவரும் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்குத்தான் அவர் நகர்ந்தார். ஆடி மூன்றாம் வெள்ளியன்று எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் கூழ் ஊற்றியபோது அவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் காகிதக் குவளை நீட்டப்பட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அது யாருடைய பந்தல் என்ற கூச்சமா, கோழைத்தனமா என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜப்பானில் 1995 ஜனவரியில் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, அங்கே வேலை செய்து பிழைத்த வியட்நாம் அகதிகள் அரசு கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போகாமல் பூங்காக்களில் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழே தங்கினார்கள். அரசு இடம் கொடுத்தது ஊருக்கு வெளியே. அங்கே போனால் வேலையும் போகும், தம் மக்களும் சிதறிப்போவார்கள். ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் அவர்கள் இருந்த இடத்திலேயே, மணல் நிரப்பிய பீர் பெட்டிகளை அடித்தளமாக வைத்து, காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்திச் சிறு வீடுகள் அமைத்துக் கொடுத்தார். எரிந்துபோன தேவாலயத்துக்குப் பதிலாக அதே காகிதக் குழாய்களால் ஒரு கூடத்தையும் கட்டினார். சில ஆண்டுகளுக்கென்று கட்டிய அந்தக் கூடம் பத்து ஆண்டுகள் நின்றது. 2005-இல் பிரித்து, தைவானுக்குக் கொண்டுபோய், 2008-இல் மறுபடியும் எழுப்பினார்கள். இதைச் சொல்லும்போது எல்லாரும் காகிதத்தைப் பற்றியே வியக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இடம். அரசின் கொட்டகையும் தற்காலிகம், பானின் வீடும் தற்காலிகம். ஒன்று ஆட்களைப் பிழைப்பிலிருந்து பெயர்த்தது, மற்றொன்று பிழைப்புக்குப் பக்கத்திலேயே ஊன்றியது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பு என்ற இடத்தில், பயன்படாமல் கிடந்த ஒரு மேம்பாலத்தின் மேல் மூலிகை விற்பவர்களுக்குச் சந்தை அமைந்த கதையும் இதற்கு நெருக்கமானது. 1990-களின் இறுதியில் விற்பவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி அமைத்த அந்தச் சந்தைப் பகுதியில், 2009-இல் வணிக வளாகம் கட்டுவதற்கு ஒரு திட்டம் வந்தது; அங்கே கடை வைத்திருந்தவர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் எதிர்த்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்துவதற்கு அவர்களிடம் ஓர் அமைப்பும் பல ஆண்டுப் பழக்கமும் இருந்தன. எங்கள் ஒரு மாதப் பந்தலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது வெட்கக்கேடு. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவின்போது மலர்களால் கட்டிய உருவங்களுக்கு எவ்வளவு அக்கறையாக நிழல் கட்டுகிறார்கள் என்பதையும், கீழே இறங்கும் வழியில் பலாச்சுளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலைக்கிராமத்துப் பெண்கள் என்ன நிழலில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, விழாவுக்குப் போடும் பந்தல் யாருக்கானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பந்தல் நின்ற நாட்களில் நாங்கள் செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால் அது ஒரு பெயர்ப் பட்டியல். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை மாலை வேளைகளில் தட்டியின் நிழலில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள் நெடுங்காலமாகக் கூடி வாங்கி விற்ற இடத்தை இயல்பாக உருவான சந்தை என்று அது ஏற்றுக்கொள்கிறது. இவற்றையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த பூக்கார அக்கா, தெருவோர வியாபாரி என்றால் யார் என்று சொல்லும் பிரிவைப் படித்தபோது மட்டும் கையை நீட்டி நிறுத்தினார். தெருவிலோ நடைபாதையிலோ பொது இடத்திலோ, தற்காலிகமாக அமைத்த கட்டுமானத்திலிருந்தோ இடம்விட்டு இடம் சென்றோ பொருள் விற்பவர் என்று அதன் பொருள். "அப்போ தற்காலிகம்னு சொல்றது குடிசையைத்தானே, என்னைய இல்லையே" என்றார்.

சட்டப்புத்தகத்தில் அந்தச் சொல் கட்டுமானத்தின் மேல்தான் நிற்கிறது. தெருவுக்கு வந்து ரசீதில் ஏறுவதற்குள் கடையின் மேலும், கடைக்காரரின் மேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் துறை இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கயிறு தற்காலிகமாக இருக்கலாம், கால் தற்காலிகமாக இருக்கலாம், வலையும் கோணியும் மழைக்கு முன் கழன்று போகலாம். அதற்கு அடியில் உட்காருபவரின் இடம் அவற்றோடு சேர்ந்து கழன்று போவதானால், அந்தப் பந்தல் அவரை ஒரு மாதம் படம்பிடிப்பதற்குத்தான் பயன்பட்டிருக்கும். ஆகவே யார் எங்கே, எத்தனை ஆண்டாக, என்ன விற்கிறார்கள் என்று படத்தோடும் பழைய ரசீதுகளின் நகல்களோடும் எழுதினோம். ரசீதை அவமானமாக நினைத்து மறைத்தவர்கள்கூட, அதுவே தாங்கள் இங்கே இருந்ததற்குச் சான்று என்றதும், அரிசிப் பானைக்குள்ளிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் எடுத்துவந்தார்கள். பட்டியலில் 12-ஆவதாக மணி விற்பவரின் பெயரை எழுதியபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுதியாயிற்று. அவரிடம் ரசீது எதுவும் இல்லை, அவரிடம் பணம் வசூலிக்கக்கூட யாரும் வந்ததில்லையாம்.

அந்தப் பட்டியலோடு கொடுத்த மனுவுக்கு ஓர் ஏற்பு எண் கிடைத்தது. அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆடி கடைசியில் பந்தல்கார அண்ணன் நுனிகளை உருவிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, கால்களையும் கழிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். டயர்களை மட்டும் தூக்க ஆள் போதாமல் மதிலோரம் விட்டுச் சென்றார். அடுத்த வாரம் போனபோது அவற்றின் குழாய்களில் குடைகள் செருகியிருந்தன. இரண்டு டயர்களை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். தெற்கு முனையில் இருந்த டயரின் மேல் மணி விற்பவரின் சின்ன மகன் உட்கார்ந்திருந்தான்.

2024 ஆனி கடைசியில் பந்தல்கார அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டும் போடலாமா, அளவு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "நீங்க அனுப்ப வேண்டியதில்லீங்க. பூக்காரக்கா போன வாரமே ஐந்நூறு ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. மேக்கால தட்டி நாலடிக்கு இறக்கணும், தெக்கால மூணடி போதாது, ஆறடியா நீட்டுங்கன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.